வேலியோரம் வந்தது எந்தப் பூனை?

நான் அன்று "சிறுத்தை" என்று கத்தாமல் இருந்திருந்தால் அந்தக் காட்டுப்பூனை செத்திருக்காது. இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணமே அதுதான்.

எங்கள் வீடு மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்குச் சரிவு இறங்கிச் சமவெளி தொடங்கும் இடத்தில், தோட்டத்துக்கு நடுவில் இருக்கிறது. பின்னால் மக்காச்சோளம், அதைத் தாண்டி ஓர் ஓடை, ஓடைக்கு அந்தப் பக்கம் முள்ளும் புதருமாக ஒரு கரடு. மலையில் சிறுத்தை இருப்பது சின்னப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். அந்த வருடம் இரண்டு ஊர் தள்ளி ஒரு கன்றுக்குட்டியைச் சிறுத்தை அடித்திருந்தது. எல்லோர் மனதிலும் அந்தப் பயம் இருந்தது.

அறுவடை முடிந்த ஒரு நாள், இரவு எட்டு மணி இருக்கும். நாய் விடாமல் குரைத்தது. டார்ச்சை எடுத்துக்கொண்டு களத்துப் பக்கம் போனேன். கல் குவியலின் மேல் ஏதோ உட்கார்ந்திருந்தது. வெளிச்சம் பட்டதும் இரண்டு கண்களும் மின்னின. பழுப்பு உடம்பு, நீண்ட கால்கள். எழுந்து நின்றபோது எங்கள் நாயின் உயரம் இருப்பதாகப் பட்டது. அது நின்றது கல் குவியலின் உச்சியில் என்பதையோ, நான் கீழே நின்று அண்ணாந்து பார்த்தேன் என்பதையோ நான் யோசிக்கவே இல்லை. கத்திவிட்டேன்.

நாலு தோட்டத்து ஆட்கள் ஓடி வந்தார்கள். அது பயந்து தட்டுப் போருக்குள் ஒடுங்கியது. தடியும் கல்லுமாக, கால் மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது. வெளியே இழுத்துப் போட்டுப் பார்த்தபோது உடம்பில் ஒரு புள்ளிகூட இல்லை. யாரும் எதுவும் பேசவில்லை.

மறுநாள் காலை வனத்துறையினர் வந்தார்கள். விசாரணை நடந்தது, நானும் நடந்ததை எழுதிக் கொடுத்தேன். அவர்களோடு வந்திருந்த வேட்டைத் தடுப்புக் காவலர் ஒருவர் அந்த உடலின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து வாலை எடுத்துத் தன் உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். "இத்தனூண்டு வாலு எந்தச் சிறுத்தைக்குங்க இருக்குது? புள்ளியைத் தேடாதீங்க தம்பி. ராத்திரியில புள்ளி பொய் சொல்லும். மொதல்ல வாலைப் பாருங்க, அப்புறம் காதைப் பாருங்க." அவர் என்னைத் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று தோன்றியது. அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டுதான் இந்த எட்டு வருடமாகக் கற்றுக்கொண்டு வருகிறேன்.

காட்டுப்பூனையின் வால் உடம்பின் நீளத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். நிற்கும்போது பின்னங்காலின் முட்டிவரை தொங்கும், தரையைத் தொடாது. நுனிப் பக்கம் கறுப்பு வளையங்களும் கறுப்பு நுனியும் இருக்கும். சிறுத்தையின் வால் நேர்மாறானது. தலையும் உடம்பும் சேர்ந்த நீளத்தில் பாதிக்கு மேல் இருக்கும். கீழே இறங்கி, தரைக்குச் சற்று மேலே நுனி மட்டும் மேல்நோக்கி வளைந்து நிற்கும். நடந்து போகும் விலங்கின் நிழலுருவம் மட்டும் தெரிந்தால்கூட இந்த வித்தியாசம் தெரிந்துவிடும். அளவு நம்மை ஏமாற்றும், வெளிச்சம் ஏமாற்றும். வாலுக்கும் உடம்புக்கும் உள்ள விகிதம் கிட்டப் பார்த்தாலும் எட்டப் பார்த்தாலும் மாறுவதில்லை.

அப்புறம் காது. காட்டுப்பூனைக்குக் காது நெட்டுக்குத்தாக, உயரமாக, ஒன்றுக்கொன்று நெருங்கி நிற்கும். நுனியில் கறுப்பு முடி கொஞ்சமாகக் குஞ்சம் கட்டியிருக்கும். சிறுத்தைக்குக் காது சின்னது, வட்டமானது, அகன்ற தலையின் இரு பக்கமும் தள்ளி இருக்கும். அந்தக் குஞ்சத்தைப் பார்த்துவிட்டு இணையத்தில், குஞ்சக் காதுள்ள வேறு பூனை இனங்களின் பெயரைச் சொல்லி, "கேரக்கல்" என்றும் "லிங்க்ஸ்" என்றும் படம் போடுகிறவர்களை அடிக்கடி பார்க்கிறேன். லிங்க்ஸ் இந்தியாவில் இமயத்தின் உச்சியில், லடாக் போன்ற இடங்களில் இருப்பது. கேரக்கல் ராஜஸ்தான், கட்ச் பக்கத்து வறண்ட நிலங்களில் எஞ்சியிருப்பது. தமிழ்நாட்டு வேலியோரத்தில் குஞ்சக் காதோடு உட்கார்ந்திருப்பது காட்டுப்பூனைதான்.

காட்டுப்பூனையின் நிறம் மணலுக்கும் சாம்பலுக்கும் இடைப்பட்டது. சிலதுக்குச் செம்மை கூடும். வளர்ந்ததுக்கு உடம்பில் புள்ளி கிடையாது, கால்களில் மட்டும் மங்கலான பட்டைகள் தெரியும். வீட்டுப்பூனையைவிட ஒரு சுற்றுப் பெரியது, ஆனால் கால் நீளம் என்பதால் நின்றால் அதற்கும் மேலே பெரிதாகத் தெரியும். தோள் உயரம் ஒன்றேகால் அடியை ஒட்டித்தான் வரும். காடு என்று பெயரில் இருந்தாலும் அடர்ந்த காட்டைவிடப் புதர்க்காடு, புல்வெளி, கரும்புத் தோட்டம், ஏரிக்கரை நாணல் இதெல்லாம்தான் அதற்குப் பிடித்த இடம். பகலிலும் நடமாடும் என்பதால் நம் கண்ணில் அதிகம் படுவதும் இதுதான். வெயில் ஏறுவதற்கு முன் வரப்பில் உட்கார்ந்து எலி வளையைப் பார்த்துக்கொண்டிருக்கும். அசையாமல் அது காத்திருப்பதைப் பார்க்கவே அவ்வளவு அழகாக இருக்கும்! ராஜஸ்தானின் சரிஸ்காவில் நடந்த ஆய்வில் ஒரு காட்டுப்பூனை நாளொன்றுக்கு 3 முதல் 5 எலிகள் வரை தின்பதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். நாங்கள் அன்று கொன்றது எங்கள் சோளத்தைக் காத்துக்கொண்டிருந்த உயிரை என்பது எனக்கு அதைப் படித்த பிறகுதான் முழுசாக உறைத்தது.

பெயரில் இருக்கும் குழப்பமும் சாதாரணமானதல்ல. எங்கள் பக்கம் பெரியவர்கள் "புலி" என்றால் அது வேங்கைப்புலியாகவும் இருக்கலாம், சிறுத்தையாகவும் இருக்கலாம். மலையைத் தாண்டி கேரளாவுக்குப் போனால் "புலி" என்றாலே சிறுத்தைதான். வேங்கைக்கு அவர்கள் "கடுவா" என்கிறார்கள். எல்லை ஓரத்து ஊர்களில் ஒரே தகவல் இரண்டு மொழியில் பயணிக்கும்போது சிறுத்தை வேங்கையாகிவிடுகிறது. போதாததற்குச் செய்திகளில் சிவிங்கிப்புலியையும், அதாவது சீட்டாவையும், "சிறுத்தை" என்றே எழுதுகிறார்கள். சிவிங்கி இந்தியாவில் அற்றுப்போனதாக 1952-இல் அறிவிக்கப்பட்ட விலங்கு. 2022-இல் நமீபியாவிலிருந்து கொண்டுவந்து மத்தியப் பிரதேசத்தின் குனோவில் விட்டார்கள். கண்ணிலிருந்து வாய்வரை கண்ணீர்க் கோடு மாதிரிக் கறுப்புக் கோடு ஓடும், உடம்பில் தனித்தனிப் பொட்டுகளாக இருக்கும். நம் வீட்டுப் பக்கம் வர வாய்ப்பே இல்லை. நம் சிறுத்தைக்குப் பொட்டு அல்ல, நடுவில் பழுப்பு தெரியும் பூ மாதிரியான வளையங்கள்.

"காட்டுப்பூனை" என்ற சொல்லையும் எல்லாவற்றுக்கும் போட்டுவிடுகிறோம். மரநாய், புனுகுப்பூனை, துரும்பன் பூனை, சிறுத்தைப்பூனை எல்லாமே ஊர் வாயில் காட்டுப்பூனைதான். இவற்றில் முதல் இரண்டும் பூனைக் குடும்பமே அல்ல. முகம் நீண்டு கூம்பியிருக்கும், கால் குட்டை. மரநாய் கருமையாக, கண்ணைச் சுற்றி முகமூடி போட்ட மாதிரி இருக்கும்; நீண்ட வாலில் வளையம் இராது. ராத்திரியில் ஓட்டுக்கு மேலே தடதடவென்று ஓடுவது பெரும்பாலும் அதுதான். புனுகுப்பூனைக்கு முதுகில் நீளவாக்கில் கோடுகள், விலாவில் வரிசையாகப் புள்ளிகள், வால் முழுக்கக் கறுப்பும் வெள்ளையுமாக வளையங்கள். சேற்றில் தடம் கிடைத்தால் விரலை எண்ணிப் பாருங்கள். பூனைக் குடும்பத்துத் தடத்தில் 4 விரல்தான் பதியும், நகம் பதியாது. நாய்க்கும் 4 விரல், ஆனால் நகம் பதியும். மரநாய் வகைக்கு 5 விரல்.

சரி, புள்ளி உள்ள சின்னப் பூனைகளுக்கு வருகிறேன். மக்கள் அதிகமாகத் தடுமாறுவதும், அதனால் அதிகமாகக் குட்டிகள் சாவதும் இங்கேதான்.

அந்தச் சம்பவம் நடந்து மூன்று வருடம் கழித்து, எங்கள் பழைய மோட்டார் அறையின் பரண்மேல் கிடந்த சாக்குகளுக்குள் இரண்டு குட்டிகள் கண்ணில் பட்டன. ஒவ்வொன்றும் என் உள்ளங்கைக்குள் அடங்கும். உடம்பெல்லாம் கறுப்புப் புள்ளி. கூட வந்த சித்தப்பா மகன், "அண்ணா, சிறுத்தைக்குட்டி! தூக்கிட்டு வா, வீடியோ எடுக்கலாம்" என்றான். எனக்கும் ஒரு நொடி நெஞ்சு அடித்துக்கொண்டது, தாய்ச் சிறுத்தை பக்கத்தில் இருக்குமோ என்று. இந்த முறை நான் கத்தவில்லை. கதவோரம் நின்று பிளாஷ் போடாமல் இரண்டு படம் எடுத்தேன். அவனையும் இழுத்துக்கொண்டு வெளியே வந்து, கதவை இருந்தபடியே ஒருக்களித்து வைத்துவிட்டு, அந்தக் காவலருக்குப் படத்தை அனுப்பினேன்.

கொஞ்ச நேரத்தில் அழைத்தார். "துரும்பன் குட்டிங்க. தொட்டீங்களா?" இல்லை என்றேன். "நல்லது. ராத்திரி அந்தப் பக்கம் யாரும் போகாதீங்க. தாய் வந்து எடத்தை மாத்திக்கும்" என்றார்.

துரும்பன் பூனை ஆசியாவிலேயே மிகச் சின்னப் பூனை. வளர்ந்ததே 1 கிலோவிலிருந்து ஒன்றரைக் கிலோ வரைதான் இருக்கும், வீட்டுப்பூனையில் பாதி. உலகத்தில் இந்தியா, இலங்கை, நேபாளம் இந்த மூன்று நாடுகளில் மட்டுமே இருக்கிறது. சாம்பல் கலந்த பழுப்பு உடம்பில் துருப்பிடித்த நிறத்தில் புள்ளிகள் வரிசையாக இருக்கும், நெற்றியில் கோடுகள் பின்கழுத்துவரை போகும். வாலில் புள்ளி தெளிவாகத் தெரியாது. குட்டிகளுக்கு அந்தத் துரு நிறம் வந்திராது, வரிசை வரிசையாகக் கறுப்புப் புள்ளிகள்தான். பிறக்கும்போது எடை 60 முதல் 77 கிராம். சிறுத்தைக்குட்டியோ பிறக்கும்போதே அரைக் கிலோவை ஒட்டி இருக்கும். கண் திறந்த சிறுத்தைக்குட்டி உள்ளங்கையில் அடங்காது. இந்த ஒரு கணக்கு மட்டும் தெரிந்திருந்தால் சித்தப்பா மகன் அப்படிக் கூவியிருக்க மாட்டான்.

அன்று ராத்திரி மொட்டை மாடியில் விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். நிலா வெளிச்சம் போதுமானதாக இருந்தது. பதினொரு மணிக்கு மேல் ஓட்டு ஓரமாக ஒரு சின்ன உருவம் இறங்கியது. எங்கள் வீட்டுப்பூனையைவிடச் சிறியது. உள்ளே போய், ஒரு குட்டியைக் கவ்விக்கொண்டு வந்து, ஓடைப் பக்கம் இருக்கும் பாறை இடுக்கை நோக்கிப் போனது. முக்கால் மணி நேரம் கழித்துத் திரும்பி வந்து இரண்டாவதையும் எடுத்துப்போனது. அந்த முக்கால் மணி நேரம் எனக்கு எப்படிப் போனது என்று சொல்ல முடியாது. நாங்கள் பகலில் தூக்கி வந்து வீடியோ எடுத்திருந்தால் அந்தத் தாய் காலிப் பரணைத்தான் பார்த்திருக்கும்.

சிறுத்தைக்குட்டியா, சின்னப் பூனையா என்று பார்க்க நெற்றியே போதும். துரும்பனுக்கும் சிறுத்தைப்பூனைக்கும் இரண்டு கண்களுக்கு நடுவிலிருந்து நெற்றியில் மேல்நோக்கி ஏறும் வெள்ளைக் கோடுகள் உண்டு, கறுப்புக் கோடுகளுக்கு நடுவில் பளிச்சென்று தெரியும். சிறுத்தைக்குட்டியின் நெற்றியில் கோடே இராது. பொடிப் பொடியான புள்ளிகள் நெருக்கமாக இருக்கும். அப்புறம் பாதம். சிறுத்தைக்குட்டிக்கு உடம்புக்குப் பொருந்தாத பருமனில் கால்கள், பெரிய பாதம். சின்னப் பூனைகளுக்குக் கால் மெலிந்து அளவாக இருக்கும். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: காட்டுப்பூனைக் குட்டிக்கும் உடம்பில் பட்டையும் புள்ளியும் இருக்கும், வளர வளரத்தான் மங்கும். ஆகவே புள்ளியுள்ள குட்டியைப் பார்த்ததும் சிறுத்தை என்று முடிவுகட்டுவது பெரும்பாலும் தப்பாகத்தான் போகும். அது எதுவாக இருந்தாலும் நாம் செய்ய வேண்டியது ஒன்றுதான். தொடாமல் விலகி வர வேண்டும், வனத்துறைக்குச் சொல்ல வேண்டும். தாய் கைவிட்டுப் போகவில்லை, இரை தேடப் போயிருக்கிறது. ஒருவேளை உண்மையிலேயே சிறுத்தைக்குட்டி என்றால் தாய் பக்கத்திலேயே இருக்கலாம், நம் உயிருக்கே ஆபத்து.

சிறுத்தைப்பூனையை நான் எங்கள் தோட்டத்தில் பார்த்ததில்லை. அது ஈரமான காட்டையும் தேயிலை, காப்பித் தோட்டங்களையும் விரும்புவது. வால்பாறைப் பக்கம் ஒரு உறவினர் வீட்டுக்குப் போய்விட்டு இரவில் திரும்பும்போது, தேயிலைச் சரிவின் ஓரத்தில் வண்டி வெளிச்சத்தில் ஒன்று நின்றது. வீட்டுப்பூனை அளவுதான், கால் மட்டும் கொஞ்சம் நீளம். உடம்பெல்லாம் அழுத்தமான கறுப்புப் புள்ளி, வாலிலும் புள்ளி. திரும்பியபோது காதின் பின்பக்கத்துக் கறுப்பில் வெள்ளைப் பொட்டு தெளிவாகத் தெரிந்தது. அந்தப் பொட்டை மட்டும் வைத்துக்கொண்டு முடிவு செய்யக் கூடாது, சிறுத்தைக்கும் காதின் பின்னால் வெளிறிய பொட்டு உண்டு. வண்டியை நிறுத்தி விளக்கைத் தணித்ததும் அது செடிகளுக்குள் போய்விட்டது. மீன்பிடிப் பூனை என்று இன்னொன்றும் இருக்கிறது. தடித்த உடம்பு, குட்டை வால், பச்சை கலந்த சாம்பல் நிறத்தில் கறுப்புப் புள்ளி வரிசை. அதைப் பார்க்க ஆந்திராவில் கோதாவரி முகத்துவாரத்தின் கோரிங்கா அலையாத்திக் காடுகள் மாதிரி நீர் நிறைந்த இடங்களுக்குப் போக வேண்டும்.

இதுவரை சொன்னதெல்லாம் சின்னப் பூனையைச் சிறுத்தை என்று நினைத்த கதைகள். மறுபக்கத் தவறும் உண்டு, அது இதைவிட ஆபத்தானது.

போன வருடத்துக்கு முந்தைய வருடம் பக்கத்துத் தோட்டத்து அண்ணன் வீட்டு மாட்டுக் கொட்டகைக் கேமராவில் விடிகாலை மூன்று மணிக்கு ஏதோ கடந்து போனது பதிவாகியிருந்தது. பையன்கள் பார்த்துவிட்டு, "புள்ளியே இல்லீங்க, நம்ம காட்டுப்பூனைதான்" என்று சொல்லிவிட்டார்கள். முன்பு நடந்ததைக் கேட்டு வளர்ந்த பையன்கள், நல்ல மனதோடுதான் சொன்னார்கள். அண்ணி மட்டும், "எதுக்கும் ஒருக்கா வந்து பாத்துட்டுப் போங்க தம்பி" என்று என்னைக் கூப்பிட்டார்.

நான் பார்த்ததும் வாலைத்தான் தேடினேன். நீண்டு இறங்கி, நுனி மேல்நோக்கிச் சுருண்டிருந்தது. புள்ளி தெரியாததற்குக் காரணம் கேமரா. இருட்டில் இந்தக் கேமராக்கள் அகச்சிவப்பு வெளிச்சத்தில் எடுப்பவை. நிறம் போய்விடும், விளக்குக்கு அருகில் வரும் உடம்பு வெளுத்துப்போய் வெறுமையாகத் தெரியும். இதற்கு எதிர்மாறாக, கருஞ்சிறுத்தையின் உடம்பில் பகலில் கண்ணுக்குப் பிடிபடாத பூவளையங்கள் இதே அகச்சிவப்புக் கேமராவில் தெளிவாக விழும். கருஞ்சிறுத்தை தனி இனம் அல்ல, அதே சிறுத்தைதான், நிறம்தான் வேறு. ஆக, ராத்திரிக் கேமராவில் நிறத்தையும் புள்ளியையும் நம்பி எதுவும் சொல்லக் கூடாது.

உறுதிப்படுத்திக்கொள்ள ஒரு வேலை செய்தோம். இதை யாரும் செய்யலாம். அந்த விலங்கு கடந்த அதே இடத்தில், அதே கேமராவுக்கு முன்னால், குறுக்கே இரண்டு அடி அளவெடுத்துக் கோடு போட்ட ஒரு மூங்கிலை நட்டுவைத்துப் பதிவு எடுத்தோம். இரண்டு பதிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், முதுகு இரண்டு அடிக் கோட்டைத் தொட்டது. காட்டுப்பூனை என்றால் அதில் பாதியைக் கொஞ்சம் தாண்டியிருக்கும், அவ்வளவுதான். தண்ணீர்த் தொட்டியை ஒட்டிய சேற்றில் தடமும் இருந்தது, 4 விரல், நகம் இல்லை, அகலம் 7 செ.மீ.க்கு மேல். பக்கத்தில் ஒரு தீப்பெட்டியை வைத்துப் படம் எடுத்துக்கொண்டோம். பக்கத்தில் அளவு தெரிந்த ஒரு பொருள் இல்லாத தடத்தின் படத்தை வைத்துக்கொண்டு யாராலும் ஒன்றும் சொல்ல முடியாது. தடத்தின் மேல் ஒரு கூடையைக் கவிழ்த்துவைத்தால் ஆட்கள் வரும்வரை அழியாமலும் இருக்கும்.

வனத்துறையினர் வந்து பார்த்துச் சிறுத்தைதான் என்றார்கள். ஊரில் உடனே கூண்டு வைக்கச் சொல்லிக் குரல் எழுந்தது. கன்று வைத்திருக்கிறவர்களின் பயம் நியாயமானது, அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் கூண்டு வைத்துப் பிடித்து வேறு காட்டில் கொண்டுபோய் விடுவது பிரச்சினையை முடிப்பதில்லை. மகாராஷ்டிராவின் ஜுன்னர் பகுதியில் கரும்புக் காடுகளில் வாழ்ந்த சிறுத்தைகளைப் பிடித்து வேறிடத்தில் விட்டபோது மனிதர்கள் மேல் தாக்குதல் கூடியதை வித்யா ஆத்ரேயாவும் உடன் ஆய்வு செய்தவர்களும் 2011-இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார்கள். பழக்கமில்லாத இடத்தில் விடப்பட்ட விலங்கு அலைகிறது, காலியான இடத்துக்கு வேறொன்று வருகிறது. அந்த ஆய்வின் சாரத்தை அண்ணன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து நான் எடுத்துச் சொன்னேன். எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள் என்று சொல்ல முடியாது. ஆனாலும் கன்றுகளை இரவில் நாலு பக்கமும் அடைத்த கொட்டகைக்குள் கட்டினார்கள், நாய்களை உள்ளே விட்டார்கள், கொட்டகைப் பின்புறம் விளக்குப் போட்டார்கள், ஓடையோரம் கொட்டி வந்த கழிவை நிறுத்தினார்கள். கழிவு இருந்தால் தெருநாய் சேரும், நாய் இருந்தால் அதைத் தேடிச் சிறுத்தை வரும். இருட்டிய பிறகு பிள்ளைகளைத் தனியாக அனுப்பவில்லை, பெரியவர்களும் வெட்டவெளியில் குனிந்து உட்காருவதைத் தவிர்த்தார்கள். அது இன்னும் இரண்டு இரவு கேமராவில் கடந்தது. பிறகு வரவில்லை.

நேருக்கு நேர் பார்த்துவிட்டால் ஓடக் கூடாது. நிமிர்ந்து நின்று, அதன் மேல் கண் வைத்தபடி, மெதுவாகப் பின்னால் நகர வேண்டும். குழந்தை கூட இருந்தால் தூக்கிக்கொள்ள வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியம், கூட்டம் சேரவிடாதது. சுற்றி வளைக்கப்பட்ட விலங்குதான் பாய்கிறது. மற்றபடி சிறுத்தை நம்மைப் பார்த்ததும் விலகிப் போகவே பார்க்கும். பார்க்காமலேயே இருப்பை அறியவும் வழி உண்டு. மரம் அறுக்கும் ரம்பத்தின் சத்தம் மாதிரி விட்டு விட்டு இரவில் கேட்டால் அது சிறுத்தையின் குரல். மயிலும் குரங்கும் ஒரே இடத்தைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தாலும் கவனிக்க வேண்டும்.

சின்னப் பூனைகளோடு வாழ்வது இவ்வளவு கடினமில்லை. கோழிதான் ஒரே தகராறு. வேலியோரம் மாலையில் வெருகு வந்ததும் வீட்டுக் கோழி பதறித் தன் குஞ்சுகளைக் கூப்பிடும் காட்சி சங்கப் பாட்டிலேயே இருக்கிறது. வெருகு என்று அன்று சொன்னது இந்தக் காட்டுப்பூனையைத்தான். இரண்டாயிரம் வருடமாக இதே நேரத்துக்குத்தான் வருகிறது, எனவே பொழுது சாய்வதற்கு முன் கோழியை அடைத்துவிட்டால் போதும். கூட்டுக்கு அடியிலும் வலை வேண்டும், கீரி தோண்டி வரும். எலிக்கு விஷம் வைப்பதை நாங்கள் விட்டுவிட்டோம், விஷம் தின்ற எலியைத் தின்று பூனையும் ஆந்தையும் சாகின்றன. அறுவடையை நாலு பக்கமும் சுற்றி ஆரம்பிக்காமல் ஒரு பக்கத்திலிருந்து ஓடைப் பக்கமாக வெட்டிக்கொண்டு போகிறோம், உள்ளே குட்டியோடு இருப்பவை வெளியேற வழி இருக்கும். தரைமட்டக் கிணற்றில் ஒரு நீண்ட மரத்தைச் சாய்த்துப் போட்டிருக்கிறேன், விழுந்தால் ஏறி வரட்டும் என்று. இந்த எல்லாப் பூனைகளுக்கும் 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு. கொல்வது மட்டுமல்ல, குட்டியை எடுத்து வளர்ப்பதும் குற்றம்.

இப்போது ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறேன். தேதி, நேரம், எவ்வளவு வெளிச்சம், எத்தனை தூரம், வால் எதுவரை இருந்தது, காது எப்படி, பக்கத்தில் இருந்த எந்தப் பொருளோடு உயரத்தை ஒப்பிட்டேன், எந்தப் பக்கம் போனது. இனத்தின் பெயரைக் கடைசியில்தான் எழுதுவேன். பெயரை முதலில் எழுதிவிட்டால் மற்றதெல்லாம் அதற்கு ஏற்றபடி ஞாபகம் வர ஆரம்பித்துவிடுகிறது. போன வாரம் விடியும் நேரத்தில் ஓடையைத் தாண்டி ஒன்று போனது. புல் உயரமாக இருந்ததால் வால் தெரியவில்லை, தலையைத் திருப்பவே இல்லை. பழுப்பு உடம்பு, மெல்லிய நடை, மூன்று நொடி. மனைவி என்னவென்று கேட்டாள். "பூனைக் குடும்பம், இனம் தெரியவில்லை" என்று எழுதிவிட்டு, கோழிக்கூட்டுக் கதவை இன்னொரு முறை பார்த்துவிட்டு வந்தேன்.